உப்புக்கிணற்றுச் சந்தின் காகிதம்

நகலெடுக்கும் இயந்திரம் வந்து சேராத காலம். அந்த நகராட்சியின் பதிவறைக்குத் தலைவி நல்லதாய் என்பவள். அவளிடம் வேலை பழக வந்திருந்த வேதமாணிக்கம் வயதில் அவளுக்கு மூத்தவன். காகிதத்தின் மேல் உயிரையே வைத்திருந்தான்.

ஒருநாள் உப்புக்கிணற்றுச் சந்துக்காரர்கள் திரண்டு வந்தார்கள். சந்தின் குறுக்கே ஆலைக்காரர் சுவர் எழுப்புகிறார், மறுநாள் விசாரணை. சந்து பொதுவழி என்று நகராட்சி போட்ட பழைய தீர்மானம் இருக்கிறதாமே, அதைக் காட்டுங்கள் என்றார்கள்.

அது அலமாரியில்தான் இருந்தது. மடிப்பெல்லாம் இற்றுப்போன ஒற்றைத் தாள். பிரித்தால் போச்சு. பதிவறைக்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற பதிலையே வேதமாணிக்கமும் சொன்னான். தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

"எலிக்குக் கிடைக்கிறது எங்களுக்குக் கிடைக்காதாக்கும்" என்றாள் முன்னால் நின்ற பேச்சியம்மாள். கூட்டம் நகரவில்லை.

அவன் உள்ளே போய்த் தலைவியிடம் நடந்ததைச் சொன்னான்.

"பொய்தான் அம்மா. அதைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை."

"கரையான் தின்றிருந்தால் அவர்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?"

"கிடைக்கவில்லை என்றுதான்."

நல்லதாய் எழுந்தாள். தாளை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். எழுதத் தெரிந்தவர்களை முன்னால் உட்காரச் சொன்னாள். பிரித்தாள். முதல் மடிப்பிலேயே தாள் இரண்டானது. வேதமாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். சிலர் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் வாய்ப்பாடு மாதிரித் திருப்பிச் சொன்னார்கள். கடைசி வரிக்கு வந்தபோது தட்டில் தூள்தான் மிச்சம். ஒவ்வொரு படியையும் வாங்கிச் சரிபார்த்து, முத்திரை குத்திக் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள், சுவர் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவான சேதி வந்தது. வேதமாணிக்கத்துக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அலமாரியில் காலியான இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே போன காகிதம் யாரிடம் இருக்கிறது என்று சீட்டு எழுதி அந்த இடத்தில் வைப்பது அங்கே வழக்கம்.

"இல்லாமலே போன காகிதத்துக்கு என்னவென்று சீட்டு எழுத, அம்மா?"

நல்லதாய் தலை நிமிராமல் சொன்னாள்:

"உப்புக்கிணற்றுச் சந்தில் இருக்கிறது என்று எழுதுங்கள்."