சுவருக்கு ஒரு வாசகம்

நடனசபாபதி தபால் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டாம் வயதில் மறுபடியும் மாணவரானார். வாழ்க்கை வெறுத்துப்போனவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கென்று திருச்சியில் ஒரு தொண்டு அமைப்பு போன் எண் ஒன்றை நடத்திவந்தது. அந்தப் போனை எடுத்துக் கேட்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜெசிந்தா. அவருக்கு நாற்பது வயதுதான். ஆனாலும் அவர் உட்காரச் சொன்னால்தான் சபாபதி உட்காருவார்.

அமைப்பின் வாடகை இடம் கைவிட்டுப் போனபிறகு எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே போன் எடுக்க வேண்டியதாயிற்று. சபாபதி தன் மூன்றாவது மாடி வீட்டில் பின்பக்கத்துச் சின்ன அறையை ஒழித்து, மேஜை போட்டு, கம்ப்யூட்டரும் ஹெட்போனும் வைத்துக்கொண்டார். மேஜைக்கு எதிரே வெறும் வெள்ளைச் சுவர். அந்தச் சுவர் அவரை என்னவோ செய்தது.

அதில் நல்ல வாசகம் ஒன்றை எழுத்துப் படமாக அச்சடித்து மாட்ட வேண்டும், எந்த மாதிரி எழுத்து என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக ஜெசிந்தாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்கலாம் சார் என்று அவர் தள்ளிப் போட்டார். ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு நேரிலேயே வந்து நின்றார்.

சபாபதியின் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். காபியை அவரே போட்டார். சர்க்கரை கூடிப்போயிருந்தது. ஜெசிந்தா அதைக் குடித்து முடித்தார்.

கடையிலிருந்து வாங்கி வந்திருந்த மூன்று மாதிரித் தாள்களையும் சபாபதி கட்டிலில் விரித்தார். மூன்றிலும் ஒரே வாசகம்தான்: ‘நாளைக்கு உனக்கென்று ஒரு காலை இருக்கிறது.’ முதல் தாளில் தடித்த கறுப்பு எழுத்து, தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது, கருநீலத்தின்மேல் பொன்னிறத்தில், கையால் எழுதியதுபோல் வளைந்து ஓடியது. மூன்றாவது பழைய காலத்து ஈய அச்சு மாதிரி. ‘காலை’யின் ‘லை’க்குத் தும்பிக்கை இருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் படித்த புத்தகங்களின் எழுத்து அது.

எது பிடித்திருக்கிறது என்று ஜெசிந்தா கேட்டார்.

“மனசுக்கு மூணாவதுதான் பிடிக்குது மேடம். ஆனா முதல்ல இருக்கிறதையே மாட்டிடலாமான்னு பார்க்கிறேன். அது கண்ணாடி இல்லாமலே தெரியுது.”

“கண்ணாடி இல்லாம எதுக்கு சார் தெரியணும்?”

கடைக்காரர் இன்று மாலைக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சபாபதி சொன்னார்.

மூன்றையும் சுவரில் ஒட்டச் சொன்னார் ஜெசிந்தா. ஒட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ளச் சொன்னார். மாட்டிக்கொண்டார்.

“இப்ப நான் கூப்பிடுவேன். நான்தாங்கிறதை மறந்துடுங்க” என்று சொல்லிவிட்டு, ஹாலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் போன் அடித்தது. சபாபதி எடுத்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

“சார், என் பையன் சாப்பிட்ட தட்டு அப்படியே இருக்கு” என்றது குரல். அது ஜெசிந்தாவின் குரல்தான். ஆனாலும் சபாபதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னும் கழுவல.”

“எப்போ சாப்பிட்டாரும்மா?”

“அவன் போய்ப் பதினோரு நாளாச்சு.”

அதற்குமேல் அந்தக் குரல் பேசவில்லை. அழவும் இல்லை. வெளியே மழை பெய்வது கேட்டது. ஹெட்போனுக்குள்ளும் அதே மழை கேட்டது. சபாபதி காத்திருந்தார். பேச்சு நின்றுபோன அந்த இடம் ஒரு கிணறு மாதிரி இருந்தது. ஏதாவது பேசாவிட்டால் தானே உள்ளே விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. கண் மெதுவாக மேலே போயிற்று.

“கவலைப்படாதீங்கம்மா” என்றார். “நாளைக்கு உங்களுக்குன்னு ஒரு காலை இருக்கு.”

இணைப்பு அறுந்தது.

ஜெசிந்தா உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று சபாபதி எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. இப்படி ஒரு அம்மா பேசியதுதான் தனக்கு வந்த முதல் போன் என்றும், அது நடந்து பதினைந்து வருஷம் ஆயிற்று என்றும் சொன்னார்.

“அந்தம்மாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் தோணல. இருபது நிமிஷம் ரெண்டு பேரும் சும்மா இருந்தோம். அப்புறம் அவங்களா வச்சிட்டாங்க.”

“தட்டைக் கழுவினாங்களா?”

“தெரியாது சார்.”

சபாபதி ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

போன மாதம் ஒருவர் கூப்பிட்டார். இளவயதுக் குரல். பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினார் போலிருக்கிறது, பின்னால் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். கால்மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். பிறகு சட்டென்று பேச்சு நின்றுபோயிற்று. இப்படிப்பட்ட நேரத்துக்கென்று சபாபதி இந்த வாசகத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. ‘உனக்கென்று’ என்ற இடத்தில் தடுமாறி, திரும்ப முதலிலிருந்து படித்தார்.

“அவர் கேட்டுட்டார் மேடம். ‘சார், இதை எழுதி வச்சுப் படிக்கிறீங்களா?’ன்னு.”

ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘இல்லப்பா, மனசுலேர்ந்து சொல்றேன்’னேன். ‘சரி சார்’னு சொல்லிட்டு வச்சிட்டார். கோபமாகூட இல்ல. சரி சார், அவ்வளவுதான்.”

அதன்பிறகு அந்தக் குரல் வரவில்லை. அந்த நேரத்துக்கு யாருடைய முறையாக இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொண்டு சபாபதியே உட்கார்ந்து பார்த்தார். காலையில் பேப்பர் வந்ததும் சின்னச் சின்ன மரணச் செய்திகளை விரல் வைத்துப் படித்தார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஊர் தெரியாது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலேயே தேடினார். ஒரு நாளும் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததில் நிம்மதியும் இல்லை. சோறு இறங்கவில்லை. மகள் வீட்டுக்குக் கூடவே வரச்சொல்லி மனைவி எவ்வளவோ கூப்பிட்டும் அவர் போகாததற்கு இதுதான் காரணம்.

“எழுத்து பெரிசா இருந்திருந்தா தடுமாறியிருக்க மாட்டேன்” என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது.

ஜெசிந்தா எழுந்து சுவரிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிழியாமல் எடுத்தார். மூன்றாவதை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

“இது அழகா இருக்கு சார். இதையே சொல்லிடுங்க. ஹால்ல மாட்டிக்கலாம்.”

“இந்த ரூமுக்கு?”

ஜெசிந்தா தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு சபாபதியின் கையில் கொடுத்தார். மணி இரண்டாகப் போகிறது, உங்கள் முறை ஆரம்பிக்கிறது, முகம் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றார்.

சபாபதி முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சுவரில் பசை டேப்பின் தடம் நாலைந்து இடத்தில் இருந்தது. ஜெசிந்தா கிளம்புவதற்காகக் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

“மேடம், பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பேசின அந்தப் பையன் உயிரோட இருப்பாரா?”

“எனக்குத் தெரியாது சார். உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே போகலாம்.”

சபாபதி தலையை அசைத்தார். ஜெசிந்தா வாசலுக்குப் போனபிறகு, இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

“‘படிக்கிறீங்களா’ன்னு அவர் கேட்டப்போ நான் என்ன சொல்லியிருக்கணும்?”

ஜெசிந்தா குடையை மடக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

“‘ஆமாம்ப்பா, படிச்சுத்தான் சொன்னேன். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல’ன்னு சொல்லியிருக்கலாம், சார்.”