தலைமாட்டுப் பலகை

கொல்லிமலையில் வில் செய்யும் சடையப்பனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் தொழில் கற்க வந்த மருதாசலத்துக்கு அறுபத்து மூன்று. ஆசான் சீடரை ஐயா என்பார். சீடர் அவரை ஆசானே என்பார்.

வில்லின் வெளிப்பக்கத்துக்கு மூங்கில், உள்பக்கத்துக்கு ஒரு மரம். இரண்டையும் வச்சிரப்பசை போட்டு ஒட்ட வேண்டும். மூங்கிலை ஆசான் கொடுத்துவிட்டார். மரத்தைச் சீடர்தான் தேட வேண்டும்.

மருதாசலம் மழைக்காலம் முழுக்க மலையைச் சுற்றினார். வாகையில் கணு என்றார். புளியில் ரேகை கோணல் என்றார். அவரைக் கண்டாலே மரங்களுக்குக் கூச்சம் வந்துவிட்டது என்று ஆசான் சிரித்தார்.

ஒருநாள் மருதாசலம் பழைய சேலையில் சுற்றி ஒரு தேக்குப் பலகையைக் கொண்டுவந்தார். தன் கட்டிலின் தலைமாட்டுப் பலகை என்றார். மனைவி போனபின் பாதிக் கட்டிலில் படுக்க முடியாமல் பிரித்துவிட்டாராம். வில் என்று ஒன்று செய்தால் இதில்தான் என்றார்.

பலகையின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையளவு கறை. முப்பது வருடத் தலையெண்ணெய்.

"எண்ணெய் இருக்கும் இடத்தில் பசை நிற்காது. சீவிவிடுங்கள்" என்றார் ஆசான்.

மருதாசலம் கறையை மட்டும் விட்டு மற்றதை இழைத்தார். கறை உள்ளே போகும்படி வைத்து மூங்கிலோடு ஒட்டினார். உள்ளே இருந்தால் யார் கையும் படாது என்று நினைத்தார். பத்து நாள் காயவைத்து வளைத்தபோது, சரியாக அந்த இடத்தில் வில் வாயைப் பிளந்தது.

ஆசான் ஏசவில்லை. வெந்நீர் ஊற்றி இரண்டையும் பிரித்தார். பலகை உலர்ந்த பிறகு இழைப்புளியைச் சீடர் முன்னால் வைத்துவிட்டுப் பசை காய்ச்சப் போனார்.

மருதாசலம் இழைத்தார். முதல் சுருளை முகர்ந்தார். அவள் கூந்தல் வாசமேதான். அடுத்ததில் லேசாக. ஐந்தாவதில் வெறும் தேக்கு.

"போய்விட்டது ஆசானே."

ஆசான் பசை தடவி, மூங்கிலைப் பொருத்தி, கட்டுத் துணியின் ஒரு முனையை நீட்டினார். மருதாசலம் வலக்கையால் வாங்கிக்கொண்டார். இடக்கை மூடியே இருந்தது.

"அதில் என்ன?"

"முதல் சுருள்."

பசை ஆறிக்கொண்டிருந்தது. ஆசான் தன் முனையை விடாமல் பிடித்தபடி காத்திருந்தார்.

"கட்டுப் போட இரண்டு கையும் வேண்டும், ஐயா."