ராஜகுலச் சாரை

பெயரைச் சொன்னால் அந்த ஊரார் இன்றும் முகம் சுளிப்பார்கள். ஆகவே, ஏதோ ஒரு நாடு, முன்னொரு காலம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓர் அரசன். அவனுடைய நெற்களஞ்சியத்தில் எலி தின்னச் சாரைப்பாம்புகள் தாமாகவே குடியேறியிருந்தன. மஞ்சள், கறுப்பு, சாம்பல், வால்பக்கம் வரியோடியது என்று பல நிறம். எலிகளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஒருநாள் மஞ்சள் சாரையொன்று வெயிலில் ஊர்வதை அரசன் கண்டான். தன் மஞ்சள் மேனியைக் காட்டி, "என் நிறம்" என்றான். பிரதானி அரியநாயகத்துக்கு அது போதும். மஞ்சள் சாரை ராஜகுலம், மற்றவை ஈனப்பிறப்பு என்று சபையில் நெடுநேரம் பேசினார். எலிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. முடிவில் ஆணை பிறந்தது: மற்றச் சாரைகளின் தோலையெல்லாம் சபையில் குவிக்க வேண்டும், மஞ்சள் சாரையின் தோல் ஒன்று கலந்தாலும் கொண்டுவந்தவனுக்கு நாடு கடத்தல். அந்த வேலையை அரண்மனை விகடன் கூத்தையனுக்கே தரச் சொன்னார் பிரதானி. அவன் தம்மைக் கேலி செய்ததை அவர் மறக்கவில்லை. தோலைப் பார்த்தே குலம் சொல்லிவிடுவதாகவும் வாக்களித்தார்.

மறுநாள் கூத்தையன் ஒரு முறத்தோடும் மூடிய பானையோடும் வந்தான். முறத்தில் பாம்புகள் கழற்றிப்போட்ட சட்டைகள். எல்லாம் ஒரே வெளுப்பு.

கொல்லவில்லையா என்று அரசன் கேட்டான்.

"தோல்தானே கேட்டீர்கள், பிரபு. அவையே தந்துவிட்டன."

பிரதானி நீளமான சட்டையொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தப் பொன்மினுக்கைப் பாருங்கள், பிரபு. ராஜகுலத்தின் தோல். துரோகி கலந்துவிட்டான்."

"நிச்சயந்தானா, ஐயா?"

"குலம் காண்பதில் என் கண் தவறாது."

கூத்தையன் பானையைத் திறந்து ஒரு சாரையைத் தூக்கினான். கன்னங்கரேல் என்றிருந்தது. அதன் வால்நுனியில் இன்னும் உரியாமல் ஒட்டியிருந்த துண்டைப் பிரதானியின் கையிலிருந்த தோலோடு பொருத்தினான். கிழிசலோடு கிழிசல் சேர்ந்தது.

"நீங்கள் சொன்ன ராஜகுலத்தான் இவன்தான், ஐயா. வணங்கிக்கொள்ளுங்கள்."

அரசன் தன் மஞ்சள் கையை ஒருமுறை பார்த்தான். பிறகு சிரித்தான். சிரித்துத் தப்பும் அளவுக்காவது அவனுக்கு அறிவு இருந்தது. ஆணை ரத்தாயிற்று. வேண்டிய பரிசைக் கேள் என்றான்.

கூத்தையன் பிரதானியின் சரிகைச் சால்வையைக் கேட்டு வாங்கி, பானைக்குள் விரித்து, சாரையை அதன்மேல் விட்டான். சால்வையைக் கழற்றிய அரியநாயகம் வாயிற்காவலனின் பக்கத்தில் போய் நின்றார். இருவரில் பிரதானி யார் என்று சொல்ல எவராலும் முடியவில்லை.