நடைப்பயணத்தின் பேட்டரி

ஊரூராக நடந்தே வந்ததாக எங்கள் தலைவர் ஆவுடையப்பன் முழங்கிக்கொண்டிருந்தபோது மைக் செத்தது. மைக்குக்கு மின்சாரம் தந்த, ஜீப் இழுத்துவந்த டிரெய்லரின் லித்தியம் பேட்டரி காலி.

"ஜீப்பிலிருந்து சார்ஜ் ஏத்தலையாடா? வேலையை விட்டுப் போடா!" என்று கூட்டத்தின் முன்பே டிரைவர் சூசை மீது பாய்ந்தார்.

சூசை கைகட்டிச் சொன்னார்: "மன்னிச்சுக்குங்க தலைவரே. ஜீப் வேகமா ஓடினாத்தான் சார்ஜ் நல்லா ஏறும். இன்னிக்கு கேமராக்காரங்க வந்ததால நீங்க நடந்தீங்க, நானும் பின்னாலேயே ஊர்ந்தேன். நாளைக்கு எப்பவும்போல டிரெய்லர் ஏசியில படுத்துக்குங்க. விரட்டி ஓட்டி நிறைச்சிடறேன்."

கொடி பிடித்து நடந்தே குதிகால் வெடித்த எங்களுக்கு நெஞ்சு எரிந்தது. கூட்டம் தலைவரின் பாதங்களைப் பார்த்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு மீன்காரி கேட்டாள்: "அந்தப் புள்ளைய விரட்டிட்டா, உன்னை யாருய்யா தூக்கிட்டுப் போறது?"