பாய்மரத்தைத் தொட்ட அரசர்

நெய்தல்பட்டினத்தை ஆண்ட அரசருக்கு இரணவிக்கிரமன் என்று பெயர். பெயரில் இருந்த போரைத் தவிர வேறு போரை அவர் பார்த்ததில்லை. காலையில் தேங்காய்ப்பால் விட்ட அப்பம், பகலில் தூக்கம், மாலையில் மறுபடி அப்பம் என்று நாட்டை நன்றாகவே நடத்தி வந்தார். அந்த அப்பம் சந்தையில் கடை போட்டிருந்த ஆவுடையம்மாள் சுட்டு அனுப்புவது.

ஒருநாள் அப்பம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாட்டில் ஏதோ பெரிய அநீதி நடக்கிறது என்று அரசருக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே விசாரிக்கச் சொன்னார்.

நடந்தது இதுதான். குபேரலிங்கம் என்ற பணக்காரர் ‘ஆனந்த அன்னம்’ என்று ஓர் உல்லாசக் கப்பல் விட்டிருந்தார். பௌர்ணமிதோறும் காசு கொடுத்து ஏறலாம். மேல்தளத்தில் நிலவு பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், பிறகு படியிறங்கிக் கீழ்த்தளத்தில் விருந்து சாப்பிடலாம். அந்தப் படிகள் விளக்கொளியில் பளபளக்க வேண்டும் என்பதற்காகக் குபேரலிங்கம் அவற்றுக்குப் புன்னை எண்ணெய் பூசச் சொல்வார். ஆசை ஆசையாகக் கப்பலேறிய ஆவுடையம்மாள் விருந்துக்கு இறங்கும்போது அதில் வழுக்கி விழுந்தாள். மாவு கரைக்கிற வலது கை முறிந்தது. கடை மூடிக் கிடந்தது, வைத்தியருக்குக் கொடுக்க அப்பச் சட்டியை விற்க வேண்டிய நிலை.

நஷ்டஈடு கேட்டு அவள் சபைக்கு வந்தாள். குபேரலிங்கம் கொஞ்சமும் அசையவில்லை. தன் கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவரும் பாய்மரத்தைத் தொட்டு, ‘கடலில் நடந்ததைக் கரையில் கேட்கமாட்டேன்’ என்று சத்தியம் செய்கிறார்கள், இந்த அம்மாளும் செய்தாள், அத்தோடு வழக்கு முடிந்தது என்றார்.

“தொட்டேன் மகாராசா, இல்லேங்கல. காசை முதல்லயே வாங்கிக்கிட்டு, தொடலைன்னா எறக்கி விட்டுருவோம்னாங்க. நான் என்ன செய்ய?” என்றாள் ஆவுடையம்மாள்.

பாய்மரச் சத்தியத்தை மீறினால் கடல் பொங்கிவிடும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் பயம். அரசருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பயம்.

அப்போது பிச்சாண்டி எழுந்தான். அரசவையில் அவனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சம்பளம் மட்டும் தவறாமல் வாங்கிவந்தான்.

“அரசே, கரையில்தானே கேட்கக் கூடாது? சபையைக் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கடலிலேயே கேட்டுவிடுவோம்” என்றான்.

குபேரலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். அரசரே ஏறிய கப்பல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாமே. அவர் தடபுடலாக விருந்துக்கு ஏற்பாடு செய்தார். தோரணம் கட்டினார், பாய்களை மாற்றினார். படிகளுக்கு வழக்கத்தைவிட ஒரு பூச்சு அதிகமாகவே எண்ணெய் போடச் சொன்னார்.

அரசர் சபையோருடனும் ஆவுடையம்மாளுடனும் மேல்தளத்தில் வந்து ஏறினார். அவர் சத்தியம் செய்ய வேண்டியதில்லை என்று குபேரலிங்கம் குழைந்தார். பிச்சாண்டி விடவில்லை. ஊருக்கு ஒரு வழக்கம், அரசருக்கு ஒரு வழக்கமா என்று கேட்டான். அரசரும் பாய்மரத்தைத் தொட்டு, கடலில் நடந்ததைக் கரையில் கேட்கமாட்டேன் என்று கணீரென்று சொன்னார்.

கரை கண்ணுக்கு மறைந்ததும் விசாரணை தொடங்கியது. பிச்சாண்டி குபேரலிங்கத்திடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அந்தப் படியில் ஏதாவது குறை உண்டா?

“ஒரு குறையும் இல்லை. அதில் விழுகிறவர் ஒன்று குடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கத் தெரியாதவராக இருக்க வேண்டும்.”

பின்வரிசையில் சிலருக்குக் காது மந்தம் என்று சொல்லி, அதையே இன்னொரு முறை உரக்கச் சொல்லச் சொன்னான் பிச்சாண்டி. குபேரலிங்கம் பெருமையாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து வஞ்சிர மீன் வறுவல் மணந்தது. படியை நேரில் பார்த்தால்தானே தீர்ப்புச் சொல்ல முடியும் என்று அரசரே எழுந்தார். நீதிக்கு அவ்வளவு வேகமாக அவர் அதற்கு முன் எழுந்ததே இல்லை. முதல் படியில் கால் வைத்தார். அடுத்த படிகளில் கால் வைக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. சிம்மாசனத்தில் எந்தப் பாகம் உட்காருமோ அந்தப் பாகத்தாலேயே எல்லாப் படிகளையும் தொட்டுக்கொண்டு போய், கிரீடம் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகச் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

பிச்சாண்டி படியோரம் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிவந்து, மேலே நின்ற குபேரலிங்கத்தைப் பார்த்துப் பணிவாகக் கேட்டான்.

“ஐயா, அரசர் குடித்திருக்கிறாரா, நடக்கத் தெரியாதவரா? சொன்னால் சபை குறித்துக்கொள்ளும்.”

குபேரலிங்கம் இரண்டு கையையும் கூப்பினார். “படிதான்” என்றார். “படி மேல்தான் தப்பு. எண்ணெய் பூசச் சொன்னது நான்தான்.”

அரசர் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார். ஆவுடையம்மாளின் வைத்தியச் செலவும், கை தேறும்வரை கடை வருமானமும் குபேரலிங்கம் தர வேண்டும். படிகளில் எண்ணெய்க்குப் பதில் கயிறு சுற்ற வேண்டும். ஆவுடையம்மாள் இடக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியை விற்க வேண்டாம் என்று அங்கிருந்தே மகளுக்கு ஆள் அனுப்பப் பார்த்தாள். நடுக்கடல் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.

கரைக்கு வந்ததும் அரசர் தலையணை மேல் ஒருக்களித்து உட்கார்ந்து பிச்சாண்டியைக் கூப்பிட்டார்.

“அந்தப் படி வழுக்கும் என்று உனக்கு முன்பே தெரியுமா?”

“தெரியும் அரசே. காலையில் எண்ணெய் பூசியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.”

“பிறகு ஏன் என்னைத் தடுக்கவில்லை?”

பிச்சாண்டி கை கட்டிக்கொண்டான். “கடலில் நடந்ததைக் கரையில் கேட்கலாமா, அரசே? பாய்மரத்தைத் தொட்டிருக்கிறீர்களே.”

அரசர் சிரித்தார். சிரித்தால் வலித்தது, நிறுத்தினார். அடக்க முடியாமல் மறுபடி சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். கூடவே புதிதாக ஒரு பதவியும் கொடுத்தார். இனி அரசர் எந்தப் படியில் இறங்கினாலும், அவருக்கு முன்னால் பிச்சாண்டி இறங்க வேண்டும். கயிற்றைப் பிடிக்காமல்.