கிணற்றுக்குக் காவல் நின்ற செருப்பு

இதை முதலில் எனக்குச் சொன்னவர் எங்கள் அம்மன் கோயில் வாசலில் செருப்புத் தைக்கிற மாசிலாமணி அண்ணன். என் சின்னவளைக் கட்டிக்கொடுத்த வருஷம், ஒரு ஆடி வெள்ளிக்கிழமை. கூழ் ஊற்றப் போன இடத்தில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டே சொன்னார். அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தணிகாசலம் என்று ஒருவர் இருந்தார். தோல் பதனிடுகிற ஷெட்டில் வேலை. வீட்டுக்குப் பின்னால் முப்பது சென்ட் நிலம், அதில் ஒரு கிணறு. ஊரில் எல்லாக் கிணறும் வற்றின கோடையிலும் அது வற்றினதில்லை. ஆனால் அந்த வருஷம் அதன் தண்ணீர் கெட்டுப்போயிற்று. பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. குடம் வைத்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. அவர் மனைவி பச்சையம்மாள் குடிதண்ணீருக்கு ரயில்வே கேட் வரை நடந்தாள்.

“கண்ணு பட்டுடுச்சு,” என்றார் தணிகாசலம். “எல்லாக் கிணறும் காஞ்சப்ப நம்ம கிணறு ததும்புச்சு இல்ல? எவன் கண்ணோ.”

அன்றைக்கு அவர் செருப்பில் ஒன்று வார் அறுந்திருந்தது. அடி தேயாத நல்ல தோல் செருப்புதான். அதைக் கயிற்றில் கட்டி ராட்டினக் கட்டையில் தொங்கவிட்டார். லாரிக்குப் பின்னால், புது வீட்டு முகப்பில், காய்க்கிற மரத்தில் எல்லாம் பழஞ்செருப்பைக் கட்டினால் கண்ணேறு அண்டாது என்பார்களே, அந்த வழக்கம். பிறகு கடைத்தெருவுக்குப் போய்ப் புது ஜோடி வாங்கிக்கொண்டார்.

“ஆடிப் பதினெட்டுக்குள்ள தண்ணி தெளியலன்னா மண்ணடிச்சு மூடிடலாம்,” என்று மனைவியிடம் சொன்னார். பதினெட்டுக்கு இருபது நாள் இருந்தது.

செருப்புக்கு அன்று முதல் இருப்புக் கொள்ளவில்லை. காலுக்கடியில் கிடந்ததற்கு ஒரு காவல் வேலை கிடைத்திருக்கிறது. கெடுத்தவனைப் பிடிக்காவிட்டால் கிணறு போய்விடும். காற்று அடித்தாலும் சுற்றியது, அடிக்காவிட்டாலும் சுற்றியது. வருகிறவர் போகிறவர் கண்ணையெல்லாம் உற்றுப் பார்த்தது.

பக்கத்துக் கொல்லை முனிரத்தினம் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், போய்விட்டார்.

“இவன்தான். பார்த்தியா, எப்படி முழிச்சான்,” என்றது செருப்பு.

கிணற்று மேடையில் கிடந்த வாளி சிரித்தது. “போலீஸ்காரரே, அவன் கண்ணு வைக்க வரல. துக்கம் கேக்க வந்தான். அவன் கிணறு போன வருஷமே போயிடுச்சு.”

“அப்போ அந்தக் காக்கா. தினமும் வந்து உட்காருது.”

“உட்காருது. குடிக்குதா? அது இங்க வாய் வெச்சு ஒரு மாசம் ஆச்சு.”

செருப்பு கிணற்றையே கேட்டது. “பாதிக்கப்பட்டது நீ. நீயாவது சொல்லேன். யார் கண்?”

“கண் இல்லை,” என்றது கிணறு.

அந்தப் பதில் செருப்பை இன்னும் சுற்றவைத்தது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஆடி பதினைந்தாம் நாள் பச்சையம்மாள் வாசல் தெளிக்கத் தண்ணீர் இறைத்தாள். ராட்டினத்தில் வாளி இடித்துக்கொண்டது. அரை வாளித் தண்ணீர் செருப்பின் மேல் சிந்தியது.

சுற்றிக்கொண்டிருந்த செருப்பு சட்டென்று நின்றது.

“இந்த ருசி எனக்குத் தெரியும்.”

“தெரியாமலா?” என்றது கிணறு. “நீ மாடாக இருந்தபோது என் பக்கத்துத் தொட்டியில்தான் குடித்தாய். செவலை என்று கூப்பிடுவார்கள்.”

“அது இல்லை. அதற்கப்புறம். உப்பில் போட்டார்கள். சுண்ணாம்பில் போட்டார்கள். அப்புறம் ஒரு மருந்துத் தண்ணீரில் பெரிய உருளைக்குள் பகல் பூரா உருட்டினார்கள். நீலமாக வெளியே வந்தேன். இனிமேல் அழுகவே மாட்டாய் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?”

“உருட்டின தண்ணீர் என்ன ஆயிற்று?”

“திறந்துவிட்டார்கள். ஷெட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் போயிற்று.”

“வாய்க்கால் எங்கே போகிறது?”

“எங்கேயும் போகவில்லை. மண்ணில் இறங்கிவிடும்.”

“மண்ணுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?”

செருப்பு கீழே கிணற்றுக்குள் பார்த்தது.

கிணறு மறுபடி பேசியது. “மாடாகக் குடித்ததைச் சாணமாகத் திருப்பித் தந்தாய். அதில் கீரை முளைத்தது. ஷெட்டில் குடித்தது இப்படித் திரும்பி வந்தது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உன்னைக் கேட்டா உரித்தார்கள்? ஆனால் என்மேல் பிரியம் இருந்தால் இங்கே தொங்காதே. நட. நீ இன்னும் ரெண்டு வருஷம் உழைத்தால், உன் இடத்துக்கு வருகிற தோல் ரெண்டு வருஷம் தள்ளி வரும். அதுவரைக்கும் கொஞ்சம் மழையாவது சுத்தமாக எனக்குள் இறங்கும்.”

“வார் அறுந்து கயிற்றில் கிடக்கிறேன். எப்படி நடப்பேன்?”

செருப்பு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. இந்தத் தடவை யாரையும் தேடவில்லை. கயிற்றைக் கட்டையில் உரசி உரசிச் சுற்றியது.

ஆடிப் பதினெட்டு வந்தது. தெருவில் மண் டிராக்டர் நின்றது. பச்சையம்மாள் மஞ்சளும் சூடமும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். இனிமேல் அதற்குப் படைக்க முடியாதே என்று கிணற்று மேடையை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். பின்னாலேயே தணிகாசலம் வந்தார். கையில் இன்னொரு செருப்பு. புதிதாக வாங்கினதுதான், அதற்குள் வார் பிய்ந்துவிட்டது.

“ஒண்ணு போதல போல இருக்கு பச்ச. இதையும் கட்டிட்டு, ஒரு மணி நேரம் பாத்துட்டு அப்புறம் மூடலாம்.”

“வேண்டாம், வேண்டாம்,” என்று செருப்பு கத்தியது. மனுஷக் காதுக்கு அது கயிறு கிரீச்சிடுகிற சத்தம்தான். தன் பாரம் முழுவதையும் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. நைந்திருந்த கயிறு அறுந்தது. செருப்பு பச்சையம்மாளின் காலடியில் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். மூன்று நாளாகச் சிந்தின தண்ணீரில் ஊறியிருந்தது. வாடை அடித்தது. அவள் ஒரு கை தண்ணீர் மொண்டு முகர்ந்தாள். பிறகு புருஷன் கையைப் பிடித்து இழுத்து அதையும் முகர்ந்தாள்.

“ஏன்யா, இத்தனை வருஷமா ஷெட்டுலேர்ந்து வரும்போது உன் கையில அடிக்கிற வாடை. அதேதான் தண்ணியில அடிக்குது. நீ எவன் கண்ணத் தேடுற?”

தணிகாசலம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கை வேலையாலதான நாம சோறு தின்னோம்,” என்றார்.

“நான் இல்லன்னா சொன்னேன்? இன்னொரு செருப்பக் கட்டிட்டா வாடை போயிடுமான்னுதான் கேக்கறேன்.”

அவர் தெருவுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் டிராக்டர் கொட்டாமலே திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. பச்சையம்மாள் சூடம் ஏற்றிக் கிணற்றுக்குக் கும்பிடு போட்டாள். தணிகாசலம் அறுந்த செருப்பு இரண்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கோயில் வாசலுக்கு நடந்தார்.

“என்கிட்டதாம்மா கொண்டாந்தாரு,” என்றார் மாசிலாமணி அண்ணன். “ஊசி ஏறும்போது அந்தச் செருப்பு அசையவே இல்ல.”

“தண்ணீர் தெளிஞ்சுதா அண்ணே?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லம்மா. கிணறு திறந்திருக்கு.”

அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டு வாசலில் வார் அறுந்த செருப்பு ஏதாவது கிடந்தால், வீசுவதற்கு முன்னால் ஒரு தையல் போட்டுப் பாருங்கள்.