அடியேன் என்று சொன்னது யார்?

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அங்கே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடவேண்டிய ஒரு நாட்டில், ராஜாவுக்கு ஜலதோஷம் பிடித்தது. ஜலதோஷம் பிடித்தவர் கையில் செங்கோலும் இருந்தால் ஊர் என்ன பாடுபடும் என்று சொல்லவா வேண்டும்?

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ஒரு பொருளைக் கொடுக்கவேண்டுமானால், நின்ற இடத்திலிருந்தே அவர் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். உரியவர் "அடியேன்!" என்று குரல் கொடுப்பார். குரல் வந்த பக்கம் பொருள் போய்ச் சேரும். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கொலுமண்டபம் இருந்த வெளிக்கோட்டையில் இது ஒழுங்காகவே நடந்தது. ஆனால் மடைப்பள்ளியும் மருந்தறையும் உள்கோட்டையில் இருந்தன. நடுவில் யானை உயரத்துக்கு ஒரு மதில். குரல் அதைத் தாண்டாது.

அன்றைக்கு ராஜா சுக்குக் கஷாயம் வேண்டி, "மருதப்பா!" என்று சமையற்காரனைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். தும்மல்தான் வந்தது.

"என் குரலை ஒரு சுவர் தடுப்பதா?" என்று சீறினார்.

"அடியேன்!" என்றார் பிரதானி அம்பலத்தரையர். ராஜா வாயைத் திறந்தாலே இவர் 'அடியேன்' என்பார். பேச்சு முடியும்வரை பொறுத்ததே கிடையாது. அப்படிப் பொறுக்காததால்தான் பிரதானி ஆனார் என்று ஊரில் பேச்சு. "மகாராஜா, இதற்கெல்லாம் நம் விகடன் வேம்பையனே தகுந்தவன். மதிலை இடிக்கக்கூடாது. உள்ளே இருப்பவர்கள் வேலையை விட்டு வெளியே வரவும் கூடாது. ஆனால் தாங்கள் கூப்பிட்டுவிட்டு ஒரு தும்மல் போடுவதற்குள் பதில் வந்தாகவேண்டும். முடியாவிட்டால் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்."

வேம்பையன் பெயரைக் கேட்டாலே அரையருக்கு வயிறு எரியும். ராஜா சிரிப்பது அவன் பேச்சுக்கு மட்டும்தான்.

"உத்தரவு மகாராஜா, நாளைக்கே ஆகட்டும்" என்று வேம்பையன் கும்பிட்டான்.

மதிலில் இரண்டு வாசல்கள். அவற்றைக் காத்தவர்கள் உடையான், விடையான் என்ற இரட்டைப் பிள்ளைகள். பெற்றவளே குரலை வைத்து அடையாளம் சொல்லமாட்டாள். வேம்பையன் இருவரையும் அழைத்து, "உள்கோட்டை ஆள் யாரை ராஜா கூப்பிட்டாலும் நீங்கள் 'அடியேன்' என்றுவிடுங்கள். கொடுத்ததை வாங்கி உள்ளே உரியவனிடம் சேர்த்துவிடுங்கள். அவ்வளவுதான்" என்றான்.

"ரெண்டு பேருமாண்ணே?" என்று கேட்டான் உடையான்.

"ரெண்டு பேரும்தான். ஒருத்தன் கண்ணசந்தாலும் இன்னொருத்தன் இருப்பான் இல்லையா? ஒரே உடுப்பு, ஒரே வார்த்தை. எந்த வாசலில் கொடுத்தாலும் ஒன்றுதான்." இரண்டு வாசலுக்கும் நடுச்சுவரில் ஒரு துளை போட்டுக் கொடுத்தான். ஒருவன் வாங்கியதையும் சேர்த்ததையும் உடனுக்குடன் மற்றவனிடம் துளைவழியே சொல்லிவிடவேண்டும் என்பது ஏற்பாடு.

மறுநாள் ராஜா, "மருதப்பா!" என்றார். தும்மல் மூக்கு நுனிக்கு வருவதற்குள் "அடியேன்!" என்று வந்தது. சேவகன் வெறுங்குவளையோடு பக்கத்து வாசலுக்கு ஓடினான். கஷாயம் ஆவி பறக்க வந்தது. மருதப்பனோ அடுப்பங்கரையில் விசிறிக்கொண்டிருந்தான். தன் பெயருக்கு வாசலில் வேறொருவன் பதில் சொன்னது அவனுக்கே தெரியாது. ராஜாவுக்கும் தெரியாது. அவர் மகிழ்ந்துபோய் மருத்துவனை, பூக்காரனை, கிளிக்குப் பழம் வைப்பவனை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு விளையாடினார்.

ஏற்பாட்டை மோப்பம் பிடித்த அரையருக்குத் தூக்கம் போயிற்று. உடையான் குடிக்கும் கூழில், பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளத்தை அரைத்துக் கலந்துவிட்டார். பாவம், அவன் செம்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடியவன் ஓடியவன்தான். ஆனால் ராஜா கூப்பிட்டபோதெல்லாம் விடையான் அதே குரலில் "அடியேன்!" என்றான். காலையில் உடையான் வாங்கி வைத்ததுகூடத் துளைவழியே இவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பொட்டலம்கூடத் தவறவில்லை.

அரையர் பல்லைக் கடித்தார். அடுத்த நாள் கொலுவில் அவரே எழுந்து மதிலைப் பார்த்து, "கொக்கரக்கோ குழந்தைசாமி!" என்று கூவினார். அப்படி ஒரு பிறவி அந்த நாட்டிலேயே கிடையாது.

"அடியேன்!" என்றது வாசல்.

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. "கேட்டீர்களா மகாராஜா? இல்லாதவனுக்குப் பதில் வருகிறது! இத்தனை நாளும் தங்களை ஏமாற்றியவர்கள் இந்த வாயில்காப்போர். அடுத்தவன் பெயருக்குக் குரல் கொடுப்பவனின் நாக்கை அறுக்கவேண்டும் என்பது தங்கள் பாட்டனார் வைத்த சட்டம்."

ராஜாவின் முகம் சிவந்தது. இரட்டையர் இருவரையும் இழுத்து வந்து நிறுத்தினார்கள். பேதியால் வெளிறிப்போயிருந்த உடையான், "ஒன் பேச்சைக் கேட்டதுக்கு எங்க நாக்கு போகுதேண்ணே!" என்று அழுதான்.

இல்லாதவன் பெயரை எவனாவது கூப்பிடுவான் என்று யோசிக்காமல் விட்டது வேம்பையன் தப்புத்தான். தப்பு இவனுடையது, நாக்கு இன்னொருவனுடையதா? உடையானின் பேதி யார் கைவேலை என்று ஊகித்தவன், ராஜாவின் காலில் விழுந்தான்.

"மகாராஜா, வெட்டுமுன் ஒரே ஒரு சோதனை. நான் தங்கள் காதில் சொல்லும் பெயரைப் பிரதானியாரைப் பார்த்துக் கூப்பிடவேண்டும்."

ராஜா காதைக் கொடுத்தார். பிறகு அரையர் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார்: "உடையான் கூழில் நேர்வாளம் கலந்தவனே!"

"அடியேன்!" என்றார் அரையர், வாய் பொத்தி, இடுப்பை வளைத்து.

குனிந்தவர் நிமிரவில்லை. என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"மகாராஜா, அது... அது வெறும் மரியாதைச் சொல்! 'நான்தான் அவன்' என்று பொருள் அல்லவே!" என்று உளறினார்.

"ஆகா!" என்று துள்ளினான் வேம்பையன். "பிரதானியார் வாக்கு பொன்வாக்கு. 'அடியேன்' என்பது வெறும் மரியாதை என்றால், விடையான் செய்ததும் மரியாதைதான். தன்னை மருதப்பன் என்றோ குழந்தைசாமி என்றோ அவன் சொல்லவே இல்லை. தங்கள் அடியவன் என்றான், உண்மைதானே? இல்லை, 'அடியேன்' என்றால் 'நான்தான் அவன்' என்றுதான் பொருள் என்றால், கூழில் மருந்து கலந்தவர் இதோ குனிந்து நிற்கிறார். எந்த நாக்கை அறுப்பது என்று தாங்களே சொல்லுங்கள்."

ராஜா முதலில் விழித்தார். பிறகு தும்மினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் மூக்கடைப்பே விட்டுப்போயிற்று. யார் நாக்கும் போகவில்லை. உடையான் தேறும்வரை அவனுக்கு அரையரே கையால் மோர்க்கஞ்சி ஊட்டவேண்டும் என்று தீர்ப்பானது. வேம்பையனும் ஏற்பாட்டைத் திருத்தினான். விடிந்ததும் உள்ளே ஒரு சுற்றுப் போய், கண்ணால் கண்ட ஆட்களுக்கு மட்டுமே இரட்டையர் பதில் சொல்லவேண்டும்.

உடையான் தேறி வாசலுக்குத் திரும்பிய அன்று ராஜா ஒரு சரிகைச் சால்வையைக் கையில் எடுத்து, "வேம்பையா!" என்றார். கொலுவில் அவனைக் காணோம்.

"அடியேன்!" என்றன இரண்டு வாசலும்.

விடிந்ததும் போன சுற்றில் இரட்டையர் அவனை உள்ளே பார்த்திருக்கிறார்கள் என்று ராஜாவுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே சால்வையைச் சேவகனிடம் கொடுத்தனுப்பினார். அது வாசலுக்குப் போய், விடையான் கைக்கு மாறி, உள்ளே மடைப்பள்ளியில் வாய் நிறையப் பணியாரத்தோடு உட்கார்ந்திருந்த வேம்பையனின் தோளில் விழுந்தது. வாயில் பணியாரம் இருந்ததால் அவனால் 'அடியேன்' என்று சொல்லமுடியவில்லை. அதை வாசலிலேயே சொல்லியாகிவிட்டதே!